ஸா கொஞ்சம் கம்மி

சம்மட்டியின் எடை இரட்டித்தால்
சுரமும் இரட்டிக்கும் என்று
இரண்டாயிரம் வருஷமாய் எழுதிவைத்தார்கள்.
கம்பியில் கல் தொங்கவிட்டாலும் அதே கணக்காம்.

காசிமேட்டு விசைப்படகுப் பட்டறையில்
நாலு ராத்தலாலும் எட்டு ராத்தலாலும்
அடித்துப் பார்த்தேன்.
அதே ணங்.
பாடியது பட்டறைக்கல், சுத்தியல் இல்லை.

நானூறு வருஷம் முன்னால்
இத்தாலியில் ஒரு லூட் வாத்தியக்காரர்
நம்பாமல்
நரம்பில் குண்டு கட்டிப் பார்த்தாராம்.

நானும் கட்டினேன்.
ராயபுரம் கோயில் கிடாரின் உதிரிக் கம்பி,
உத்தரத்து ஆணி,
லேத் கடையின் முத்திரைக் கிலோ: ஸா.
மீதி மூன்று கல்லும் ஃப்ளாரன்ஸ் அக்காவுடையது,
வஞ்சிரச் செதில் ஒட்டிய இரும்பு.

இரண்டு கிலோ. மேல் ஸா வரவில்லை.
பஞ்சமம்கூட எட்டாமல்
பிரதி மத்யமத்தில் முறைத்துக்கொண்டு நின்றது.
மூன்று:
தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே
எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் மாதிரி மாட்டிக்கொண்டது.
நாலு கிலோவில்தான் ஏறும்.
இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏறியது. ஆனால்
மயிரிழை கீழே.

கம்பியை மாற்றினேன். ஆணியை மாற்றினேன்.
ஐஸ் லாரி போய்த்தொலையட்டும் என்று காத்திருந்தேன்.
அதே மயிரிழை.
பிறகுதான் கல்லைத் திருப்பினேன்:
அடியில்
ஈயம் சுரண்டிய பள்ளம்.

விடிகாலை ஏலத்தில் திருப்பிக் கொடுத்தேன்.
"இன்னாடா சொல்லுச்சு என் கல்லு?"
"ஸா கொஞ்சம் கம்மிக்கா."

அவள் சிரிக்கவில்லை.
என் பையில்
நிறுக்காமல் விழுந்தன
இரண்டு சங்கரா.