ஒரு கைப்பிடிச் சுவர்

வர்ஸஸாத் தாண்டி மூன்று மணி நேரம்.
ஏசியில் குளிரைவிடத் தூசிதான் அதிகம் வந்தது.
வாடகை வண்டியை ஸுஹைர் ஓட்டினான்.
நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து
வழி சொன்னேன்.

அப்படித்தான், தவறிப்போய்,
அந்தக் கோட்டைக்கிராமத்தின் வாசலில் நின்றோம்.
மலையின் நிறம்.
மலையிலிருந்தே சதுரமாக அறுத்து நிறுத்தியதுபோல்
மூலைக்கொரு கோபுரம்.
கிட்டப் போனால்தான் தெரிகிறது,
அடுப்பு காணாத பச்சைச் செங்கல்;
வெயில் மட்டும் சுட்டது.
உள்ளே வைக்கோல் மினுங்குகிறது.
ஒன்றில் நாயின் காலடி,
காய்வதற்குள் அவசரமாய் எங்கோ போயிருக்கிறது.

தலைக்குப் பத்து திர்ஹாம் வாங்கினாள் இட்டோ.
சீட்டு தரவில்லை.
"நூற்றிருபது குடும்பம் இருந்தது.
இப்போது நாலு.
மற்றவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிமெண்டில்.
ஆடி மாத வெயில் போல ஒன்று வருமே ஜூலையில்,
அப்போது பாயோடு இங்கே வந்துவிடுவார்கள்
மத்தியானம் தூங்க."
சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

கூரை மூடிய சந்து. பட்டப்பகலில் இருட்டு.
எதிரே ஒரு மொபெட்டும் கழுதையும்
யார் முதலில் என்று பேசிக்கொண்டிருந்தன.
கழுதை வென்றது.

கோபுரத்தில், துப்பாக்கி நீட்ட வைத்த துளைகளில்
தகைவிலான் குஞ்சுகள்.
"எதிரிகள் யார்?" என்று கேட்டேன்.
"எல்லோரும் செத்தாயிற்று. ஒருத்தன்தான் பாக்கி"
என்று மேலே கை காட்டினாள்.
ஆண்டவனைச் சொல்கிறாள் என்று
தலை குனிந்தேன்.

மேகத்தைச் சொல்லியிருக்கிறாள்.

முதல் துளி விழுந்ததும்
அவள் புருஷன் பஸ்ஸூ எங்கிருந்தோ கத்தினான்.
ஏணி. மொட்டை மாடி. நீலத் தார்பாய்
பாம்பாய் எழுந்து ஆடியது.
"நீ அந்த மூலையில் நில்! நகராதே!"
நின்றேன்.
எழுபது கிலோ கல்லானேன்.
எதிர் மூலையில் ஸுஹைர், ஐம்பத்தெட்டு கிலோ,
பத்தவில்லை என்று மடியில் ஓர் ஆட்டுக்குட்டி.

கீழே பேரீச்சந்தோப்பு
வாய் பிளந்து குடித்துக்கொண்டிருந்தது.
மேலே சுவர்கள் பல்லைக் கடித்து நனைந்தன.
இரண்டும் பஸ்ஸூவுடையவை.
தோப்பைப் பார்த்து முகம் மலரும்,
சுவரைப் பார்த்துச் சுருங்கும்,
பிறகு எங்கும் பார்க்காமல்
தாடையிலிருந்து சொட்டும்.

பின்னால் எங்கோ
மூட்டை இறக்கியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான்.
"ஹம்மாதி வீடு" என்றாள் இட்டோ, திரும்பாமலே.
"லியோனில் இருக்கிறான். சொல்ல வேண்டும்" என்றான் பஸ்ஸூ.
"போன மழைக்கும் சொன்னோம்."

இருபது நிமிடம். வெயில்
ஒன்றும் தெரியாதவன்போல் வந்து நின்றது.
எடுக்க நினைத்த புகைப்படம் ஒன்றும் எடுக்கவில்லை.
தேநீர் குடித்தோம்; இனிப்பு
பல்லைக் கூசவைத்தது.

கிளம்பும்போது வாசலில் மறித்தாள்.
"செருப்பைச் சுரண்டிவிட்டுப் போ."
வழியை அசுத்தம் செய்தேனோ என்று நினைத்தேன்.
ஒரு தகரத் துண்டும் வாளியும் நீட்டினாள்.
"அது எங்கள் சுவர்."

சுரண்டினேன். ஸுஹைரும் சுரண்டினான்.
வாளியில் ஒரு கைப்பிடி.
இட்டோ எட்டிப் பார்த்து,
"இன்னும் கொஞ்சம் இருக்கும்" என்றாள்.

இருந்திருக்கிறது.
நாலு நாள் கழித்து காஸாபிளாங்காவில்
வண்டியைத் திருப்பியபோது
மிதியடியில் சேறு என்று
இருநூறு திர்ஹாம் பிடித்துக்கொண்டார்கள்.
பையன் குழாயைத் திறந்தான்.
"தண்ணீர் ஊற்றாதே" என்று
நான் கத்தியது ஏன் என்று
அவனுக்கு விளங்கவில்லை.