அளவெடுக்காத கோட்டு

ஹோல்கருக்கு ஒரு குண்டூசிகூடத் தேவைப்படவில்லை.
கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து
அவனே எடுத்து வந்திருந்தான் அந்தக் கோட்டை.
தோளில் தோள் உட்கார்ந்தது.
மணிக்கட்டில் கை முடிந்தது.
வாயில் கவ்வியிருந்த ஊசிகளை
ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் திரும்பக் குத்தினேன்.
"கச்சிதம்" என்றேன்.
அவன் முகம் சுண்டிப்போனது.
பாராட்டாகத்தான் சொன்னேன், சத்தியமாக.

ஸ்வாகோப்முண்டில் பதினொரு மணிவரை பனிமூட்டம்.
மீன் தொழிற்சங்கத்தின் பழைய கூடம்,
தகரக் கூரையில் கடற்காகங்கள் நடக்கிற சத்தம்.
இயக்குநர் சன்னா ஈசாக்ஸ், நாமாக்காரி,
புகையை விட்டு ஒன்பது நாள்,
பென்சிலைச் சிகரெட்டாகப் பிடித்திருந்தாள்.
"மூன்றாம் காட்சி" என்றாள்.
முகாம். பெண்கள். கண்ணாடிச் சில்லு.

தலைகளைச் செய்தது நான்.
ஜெர்மன் செய்தித்தாளைக் கிழித்து
சோளமாவுக் கூழில் ஊறவைத்து
பலூன்மேல் ஒட்டிக் காயவைத்து
உள்ளே இருந்த காற்றை ஊசியால் குத்தி
ஏழு தலைகள்.
ஒன்றின் கன்னத்தில் வீட்டு விற்பனை விளம்பரம்,
ஒன்றின் நெற்றியில் போன வாரத்து வானிலை.
வெள்ளை அடிக்கச் சொன்னாள் சன்னா.
அடித்தேன்.
காயக் காய எழுத்து மேலே வந்தது.

கதை இதுதான், எங்கள் ஹெரேரோ வீடுகளில்
சோற்று நேரத்தில் சொல்லாத கதை:
வேகவைத்த தலைகளைப் பெண்கள்
சில்லால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்,
பெட்டியில் அடுக்கி பெர்லினுக்கு அனுப்ப.
மண்டையை அளந்து மனிதனை அளக்கும் படிப்பு
அங்கே ஒன்று இருந்ததாம்.
நானும் அளவெடுத்துப் பிழைப்பவள்தான்.
இடுப்பு, மார்பு, கை நீளம்.
தலைக்கு மட்டும் நாடா வைத்ததில்லை.
துணியை மாட்டுக்கொம்பாக முறுக்கிக் கட்டினால்
தலை தானே அளவு சொல்லும்.

உவெரிகோஞ்செரா சில்லை எடுத்தாள்.
இரண்டு இழுப்பு. நிறுத்தினாள்.
"மூன்று படுக்கையறை, கடல் பார்த்த வீடு" என்று படித்தாள்.
எல்லோரும் சிரித்துவிட்டோம்.
ஹோல்கர்கூட.
சிரிப்பு அடங்கியபின் கேட்டாள்:
"யாருடைய தலை என்று தெரிந்து சுரண்டுகிறேனா,
தெரியாமலா?"
பிரதியைப் புரட்டினாள் சன்னா.
பிரதியில் இல்லை.

அந்த இடத்தில் ஹோல்கருக்கு ஒரே வசனம்:
"வேகமாக."
பதினொரு தடவை சொன்னான்.
"கெஞ்சாதே" என்றாள் சன்னா.
"கோபமும் வேண்டாம். மூட்டை எண்ணுகிறவன் சொல்வதுபோல்."
பன்னிரண்டாவது தடவை
குரலை உயர்த்தாமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்.
தேநீர் கொண்டுவந்த பையன்
நடையை எட்டிப் போட்டான்.
அன்றைக்கு ஒத்திகை அத்தோடு முடிந்தது.

இரவு என் தையல் மேசைக்கு வந்தான்.
"இதை எங்காவது இறுக்கிவிடு" என்றான்.
"எனக்குப் பொருந்தாமல் இருக்கட்டும்."
பணம் தருகிறேன் என்றும் சொன்னான், பாவம்.

கோட்டைப் புரட்டி
இடது தோளின் உள்தையலைப் பிளேடால் பிரித்தேன்.
எனக்கு முன்பே யாரோ அங்கே போயிருந்தார்கள்.
விரற்கடை அளவு தளர்த்தி,
நூலுக்குப் பதில் மாட்டு நரம்பு இழை,
முடிச்சை உள்ளே விழுங்குகிற சின்னத் தையல்.
எட்டு மீட்டர் பாவாடைக்கு நாங்கள் போடுவது.
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.
இந்தத் தோளுக்கு அளவெடுத்தவள்
நின்றுகொண்டு எடுத்தாளா, மண்டியிட்டா?
ஊசியை யார் கொடுத்தது? வேலை முடிந்ததும்
எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்களா?

காலையில் சன்னாவிடம் காட்டினேன்.
உதட்டிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"மேடையில் இது தெரியாதே" என்றாள்.

தெரியாதுதான்.
மூன்றாம் வரிசைக்கு அப்பால்
பொத்தானே தெரியாது.

ஹோல்கர் வாசலில் நின்றிருந்தான், கைகளைத் தொங்கவிட்டு.
பிரித்த தோளை இன்னும் தைக்கவில்லை.