பார்வைத் தொலைவு

ஏரிக்கு அக்கரையில் ஒரு பாறை,
அதற்கு முன்னால் படகுக் கொட்டகை,
அதற்கும் முன்னால் வேலியோரம் ஒரு வெள்ளைக் கம்பம்.
மூன்றும் தெரிந்தால் விமானம் வரும்.
கம்பம் மட்டும் தெரிந்தால்
கோபன்ஹேகனில் கிளம்பியது
பெர்கனுக்குத் திரும்பிக்கொள்ளும்.

இன்று காலை ஏழரைக்குக்
கம்பத்தையே நினைவிலிருந்துதான் பார்த்தேன்.
இருநூறு என்று எழுதினேன்.

அரை மணிக்கொரு தரம் வெளியே போவது என் வேலை.
கருவிகள் இருக்கின்றன; இருந்தாலும்
ஒரு மனுஷியின் கண்ணும் வேண்டுமாம்
வாகர் விமான நிலையத்துக்கு.
மூடுபனிக்கு எங்கள் தீவுகளில் ஏகப்பட்ட பெயர்:
மலையின் இடுப்பில் சுற்றிக்கொண்டது,
கடலோடு படுத்தது,
பள்ளத்தில் தேங்கி உச்சியை வெயிலுக்கு விட்டது.
படிவத்தில் ஒரே கட்டம்.
மீட்டர்.

கூடத்தில் நூற்றுப்பத்துப் பேர்.
கைப்பந்து ஆடும் பெண்கள் தரையில் வரிசையாய்க் கால் நீட்டி,
சால்மன் பண்ணைக்காரர் ஒருவர் நின்றபடியே தூங்கி.
டயப்பர் தீர்ந்துபோன தகப்பன்
கடை கடையாய் ஏறி இறங்குகிறான்,
இருப்பது ஒரே கடை.
ஏழாம் நாற்காலியில் ஹோக்னி.
என் அண்ணன்.

மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
அப்பாவின் படகை என்னைக் கேட்காமல் விற்றான்.
அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.
கணக்கு நேராகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.
இந்த வேலைக்கு நான் வந்ததுகூட அவனுக்குத் தெரியாது.
முந்தாநாள் மார்யுன் சித்தியின் அடக்கத்தில்
குழிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
நடுவில் ஒரு சவப்பெட்டி அகலம்.
பார்வை அங்கே நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மணி: இருநூற்றைம்பது.
எட்டரை: நூற்றைம்பது.
கவுண்டரில் அவன் குரல் கேட்கிறது,
"யாரும்மா இதை அளக்கிறது?
எனக்கே ஓடுபாதை தெரியுது."
ருண்ணா, பாவம், புதுப் பெண்,
என் பக்கம் திரும்பாமலிருக்கப் பெரும்பாடு படுகிறாள்.
கழுத்து மட்டும் சிவக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும்.
ஒன்பது மணிக்குக் கொட்டகையின் கூரை
ஒரு மூச்சு நேரம் தெரிந்தது.
சிவப்புத் தகரம். தெரிந்தது, போயிற்று.
எண்ணூறு என்று போட்டிருந்தால்
யாரும் கேட்கப்போவதில்லை.
ஆல்போர் போய்ச் சேர்ந்திருப்பான்,
எனக்கும் நெஞ்சு இறங்கியிருக்கும்.
நூறு என்று போட்டிருந்தாலும்
யாரும் கேட்கப்போவதில்லை.
பென்சிலோடு நின்றேன்.
எங்கோ கிட்டத்தில் ஒரு செம்மறி இருமியது.
செம்மறி தெரியவில்லை.
முந்நூறு என்று எழுதினேன். அதுதான் இருந்தது.

பதினொன்றுக்குத் தலைக்கு மேல் வந்தது.
எல்லோரும் எழுந்து நின்று
கூரையைப் பார்த்தார்கள்.
சத்தம் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம்,
பிறகு மெலிந்து கிழக்கே போயிற்று.
கைப்பந்துப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள், வம்புக்கு.

ரத்து. நாளை காலை ஆறரை.
ஓட்டல் அறைகள் குழந்தைக்காரர்களோடு தீர்ந்தன.
பெண்களைப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் எடுத்துக்கொண்டது,
சால்மன்காரரை யாரோ தெரிந்தவர் டிராக்டரில் ஏற்றிப்போனார்.
ஏழாம் நாற்காலி மட்டும் காலியாகவில்லை.

வேலை முடிந்து வெளிச்சட்டையோடு வந்தேன்.
நிமிர்ந்தான்.
என் நெற்றிமுடியில் தொங்கிய சொட்டைப் பார்த்தான்,
பிறகு பெயர்ப்பட்டையை.
"நீயா அளக்கிற?"
"நான்தான்."
"இப்ப எவ்வளவு?"
"நூறுகூட இல்ல."
என்னவோ சொல்ல வந்து அதை விட்டுவிட்டு
"அந்தப் படகுல எஞ்சின் அப்பவே போயிருச்சு" என்றான்.
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்லவில்லை.
"சோபா குட்டை," என்றேன், "கால் வெளியே தொங்கும்."
பையை எடுத்துக்கொண்டான்.

கார் வரை நாற்பது அடி.
முன்னால் நடந்தவன் பத்தாவது அடியில் காணாமல் போனான்.
"எந்தப் பக்கம்?" என்றது மூடுபனி.
இடது, என்றேன்.
இன்னும் கொஞ்சம் இடது.