கடைசிக் கோடு

செவ்வாய் இரவு, லைப்சிக்.
பகலில் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில்
முழங்கால் இடிக்க எட்டுப் பேர்.

‘நாடு’ என்ற சீன எழுத்து:
இரண்டே இழுப்பில் மூன்று சுவர்,
உள்ளே ஒரு பச்சைக்கல், அதற்கொரு புள்ளி,
அடிக்கோடு எல்லாவற்றுக்கும் பிறகு.

ஹார்ட்முட் முதலிலேயே மூடிவிடுகிறார்.
முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
“ஆள் ஏறுமுன் கதவைச் சாத்துவீர்களா?”
ருய்லான் கேட்கிறாள்.
“தாமதமானால், ஆமாம்.”

எழுதி முடித்தபின் இரண்டும் ஒன்றுதான்.
எது முந்தியது என்று மை சொல்வதில்லை.
ஆனாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்:
கல் ஒடுங்கி நிற்கிறதாம்,
மூடிய வண்டியில் தொற்றி ஏறியதுபோல.

“உங்கள் மொழியில் எப்படி?” என்று
என் பக்கம் திரும்பினாள்.
அகரம் எழுதப் போனேன்.
நாற்பது வருடமாக எழுதும் கை
சாக்பீஸோடு நின்றுவிட்டது.
சுழியிலிருந்தா? வயிற்றிலிருந்தா?
அந்த நெட்டுக்கோடு எப்போது வரும்?
முதுகுக்குப் பின்னால்
ஏழு பென்சில்கள் காத்திருந்தன.

கண்ணை மூடிக்கொண்டேன்.
கை தன்பாட்டில் போய் வந்தது.
திறந்தால், பலகையில் அ,
கொஞ்சம் சாய்ந்து, முழுசாக.

எங்கே தொடங்கினேன் என்று
ஹார்ட்முட்டைத்தான் கேட்க வேண்டியிருந்தது.