இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே

மணலி சாலை, இரவு ஒன்றே முக்கால்.
என் மடியில் லேப்டாப், ஸ்டியரிங்கில் ரெஜினால்ட்.
மிதி என்கிறேன். மிதிக்கிறான்.
ஒன்றுமில்லை
ஒன்றுமில்லை
பிறகு யாரோ முதுகில் உதைத்ததுபோல.

அந்த ஒன்றுமில்லைக்குள்தான்
மூன்று இரவாகக் குடியிருக்கிறேன்.
கட்டம் கட்டமாக எண்கள்:
இங்கே பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து
அங்கே தீப்பொறியை ஒரு டிகிரி முன்னே இழுத்து.
கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் தூங்குகின்றன.

"பவர் ஏத்துக்கா, போதும்."

பவர் இருக்கிறது ரெஜி,
உன் மச்சான் தரவேண்டிய பணம் மாதிரி.
கேட்டதும் வராது, அவ்வளவுதான்.

விடியுமுன் எர்ணாவூர் பாலத்தடியில்
பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால்
டர்போவின் பைபாஸ் வால்வுக்குப் போகும்
விரல் நீள ரப்பர் குழாய்.
உப்புக்காற்று தின்ற கிளிப்,
பக்கத்தில் நகக்கண் அளவு வெடிப்பு.
என் மூன்று இரவும் உஸ்ஸென்று அதன் வழியே.

நாற்பது ரூபாய்க் குழாய்.
திருத்திய எண்களை எல்லாம் அழித்துவிட்டு
முதல் நாள் மேப்பையே ஏற்றினேன்.

திருவொற்றியூர் தேரடி, ஆறரை மணி.
மீன்கூடை ஏற்றிய ட்ரைசைக்கிளுக்குப் பின்னால்
நடை வேகத்தில் ஊர்கிறோம்.
பாதம் நினைக்கிறது, கார் நகர்கிறது,
இடையில் யாருமில்லை.

ரெஜினால்ட் ஒன்றும் சொல்லவில்லை.
ஹாரன்கூட அடிக்கவில்லை.