இம்ப்ளோர்

ரோலாவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில்
டைப்பிங் சென்டர். நான்கு நாற்காலி, ஒரு ஏசி,
அதற்கும் இருமல்.
பதினைந்து திர்ஹத்துக்கு ஒரு கடிதம்,
அரபியும் சேர்த்தால் இருபத்தைந்து.

பதினொரு வருடமாக நான் அடிக்கும் கடிதங்கள்
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
கைண்ட்லி என்று வாசலில் நின்று,
ஹம்ப்ளி என்று குனிந்து,
கடைசிப் பத்தியில் தரையில் விழும்.
விழும் இடத்துக்கென்று நான் வைத்திருக்கும் சொல்
இம்ப்ளோர்.

அகராதியில் பார்த்திருக்கிறேன்,
லத்தீன் வேரில் ஓர் அழுகை இருக்கிறதாம்.
ரிக்வெஸ்ட் நின்றபடி கேட்கும்.
பெக் கையை நீட்டும்.
இது கண்ணைத் துடைக்காமல் வரும்.
இலக்கணமும் ஒரு மாதிரி:
அதற்கும் ஆளுக்கும் நடுவே டு போடக் கூடாது.
எழுதிக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் போட்டிருப்பார்கள்.
வாட்ச்மேனிடம், பிஆர்ஓவிடம், பிஆர்ஓவின் மச்சானிடம்
சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்
நேரே முதலாளி முகத்தில் ஒரு வினையை வைக்கக் கூசும்.

ஜூலை. வெயிலுக்கு வேலை நிறுத்தும் நேரத்தில்
வந்தார் அந்தோணிப்பிச்சை,
தங்கச்சிமடம், சாரம் கட்டுகிறவர்.
பாஸ்போர்ட் நகலில்
குடும்பப் பெயர்க் கட்டத்தில் பிச்சை தனியாக நின்றது.

அடித்ததை வாசித்துக் காட்டினேன்.
"இம்ப்ளோர்னா என்னம்மா?"
கெஞ்சுவது, என்றேன். இறைஞ்சுவது. மன்றாடுவது.
"மன்றாட்டு சாமிகிட்ட.
கம்பெனிகிட்டயுமா?"

கொஞ்சம் கழித்து,
"எனக்கு முன்னாடி மூணும் தங்கல.
அந்தோணியார் வாசல்ல மடியேந்தி
எங்கம்மா வாங்குன பிள்ளை நான்.
எங்க வீட்டுக்கான கெஞ்சலை
அப்பவே கெஞ்சி முடிச்சாச்சு.
கீழ கையெழுத்துல ஒரு பிச்சை வருதுல்ல,
மேல எதுக்கு இன்னொண்ணு?"

வேறு எப்படி எழுத?
"வேணும்னு எழுது."

தமிழில் சுலபம்.
வேண்டும் என்றால் தேவை, வேண்டுகிறேன் என்றால் தொழுகை,
எது என்று குரல் சொல்லிவிடும்.
ஐ வான்ட் என்று அடித்தால்
குஞ்ஞாலிக்கா எட்டிப் பார்த்து நாக்கைக் கடிப்பார்.
அரபியில் அர்ஜூ போடலாம்,
கெஞ்சலும் நம்பிக்கையும் அங்கே ஒரு வேர்.
இவரோ நம்பிக்கையையும் எடுக்கச் சொல்வார் போலிருந்தது.

மன்றாடு.
அதற்குள் ஒரு மன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.
சபை நடுவே எழுந்து வழக்குரைத்த சொல்
எப்போது முழங்காலிட்டது?

வினையை எடுத்தேன்.
வாக்கியம் சரிந்தது,
ஒரு குழாய் உருவிய சாரம் மாதிரி.
திரையைப் பார்த்தபடி சொன்னார்:
"தொகையைப் போடு. நிக்கும்."

மார்ச் 1150. ஏப்ரல் 1150.
மே 1150. ஜூன் 1150.
ஆக 4600.
தேதி. பெயர்.

மூன்று ஐந்து திர்ஹம் தாள்களை நீவி வைத்துவிட்டுப் போனார்.
சம்பளம் வந்ததா, தெரியாது.
என் கடிதங்கள் எதற்கும் என்னிடம் பதில் வருவதில்லை.

அடுத்தவர் உட்கார்ந்தார்.
பழைய ஃபைலைத் திறந்தேன்.
கடைசிப் பத்தியில் அது
எழுந்திருக்காமல் கிடந்தது.
வாசித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன், இந்த முறை கேட்காமலேயே.
அவர் நாற்காலியை முன்னால் இழுத்து,
அதை ரெண்டு தரம் போட முடியுமா என்றார்.