குறிப்பு: பூச்சி

இரும்பாலையில், உருட்டுப் பிரிவில், இருபத்தாறு வருடம்.
காது டாக்டர் கொடுத்த தாளில் என் கேள்வி
ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்குகிற ரோடு மாதிரி இருந்தது.
நாலாயிரம் வரைக்கும் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து
வேடிக்கை பார்க்கிறது கோடு.
அப்புறம் ஒரே சரிவு. கொண்டை ஊசி கூடக் கிடையாது.

சில்வண்டு எனக்கு நின்றுபோய்ப் பதினோரு வருடம்.
குக்கர் விசில் வரும்.
தேன்சிட்டு வராது.

இப்போது ஜீப் ஓட்டுகிறேன்,
வௌவால் கணக்கெடுக்கும் நவோமிக்கு.
"காது மந்தம்மா, இதற்கு நான் எதற்கு" என்றேன் முதல் நாள்.
"இதற்கு எனக்கும்தான் காது இல்லை" என்று
சோப்பு டப்பா அளவில் ஒன்றைக் கையில் வைத்தாள்.

நாகலூருக்கு மேலே, கைவிட்ட பாக்சைட் குழி.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி கறுத்துக்கொண்டிருந்தது.
திருகை நாற்பத்தைந்துக்குக் கொண்டுபோனேன்.
இரைச்சல். யாரோ மணல் சலிக்கிறார்கள்.
பிறகு
டப்.
டப். டப்.
ஆகாயத்தில் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.
டப் டப் டப்டப்டப்டபடபடப
ர்ர்ரிப்
மல்துணி கிழிகிற மாதிரி.
அப்புறம் மணல்.

"சாப்பிட்டாச்சு" என்றாள் நவோமி,
நேரத்தைக் குறித்துக்கொண்டே.

ஐம்பதில் நிற்கும்போது எண்பதில் போகிறவன் இல்லை.
எண்பதுக்குப் போனால் லாடமூக்கன் ஒருவன்
தண்ணீருக்குள் சீட்டியடிக்கிறான்;
ஐம்பதுக்காரன் அதற்குள் எங்கேயோ.

"அசையாதீங்கண்ணா, உங்க சாவி கத்துது."
சாவியா?
பாக்கெட்டிலிருந்து எடுத்து டப்பா முன்னால் ஆட்டினேன்:
கல்யாண மண்டபத்தில் தட்டு அடுக்கு சரிந்தது.
இத்தனை நாளும் இதைத்தானா இடுப்பில் வைத்துக்கொண்டு
சத்தமில்லாமல் நடப்பதாக நினைத்தேன்.
ஆலையில் தகடு வெட்டும்போது
எங்களுக்கு விழுந்தது போக மிச்சம்
எதன் காதுக்குப் போயிருக்குமோ.

பனி இறங்கியது. நவோமி முக்காலியை மடக்கினாள்.
டப்பா இன்னும் என்னிடம்.
திருகைக் கீழே இறக்கினேன்.
நாற்பது. முப்பது. இருபத்தைந்து.

"அண்ணா, அங்கே வௌவால் எதுவும் கிடையாது."
"தெரியும்."

இருபதில்
காப்பிச் செடிகளுக்கு உள்ளேயிருந்து
கரகரவென்று, ஸ்டேஷன் சரியாய்ப் பிடிக்காத ரேடியோ மாதிரி,
மூச்சே விடாமல்,
இருந்தது.

அது நிற்கவே இல்லை.
நான்தான் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்கிறேன்.

பேட்டரி சிவப்பு காட்டியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டிய பையைத் திரும்ப அவிழ்த்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
படிவத்தில் ஒரு வரி எழுதினாள்:

8.52. இருபது கிலோஹெர்ட்ஸ்.
வௌவால் இல்லை.
குறிப்பு: பூச்சி.